பினாங்குக் கோயில் விரியனை நம் கரையில் வளர்க்க முடியுமா?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பினாங்கில் மாமா வீட்டுக்குப் போனபோது பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கறுப்பும் மஞ்சளுமாய்ப் பட்டை போட்ட விரியன்களைப் பார்த்தாராம். ஆள் பக்கத்தில் போய் நின்றாலும் அவை கிளையில் சுருண்டபடியே கிடந்தனவாம். வெளிநாட்டில் சிலர் அதே பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்துக் குட்டி எடுப்பதை வீடியோவில் பார்த்திருக்கிறார். நம் கரையிலும் வெக்கையும் ஈரக்காற்றும் உண்டே, காரங்காட்டில் அலையாத்திக் காடுகூட இருக்கிறதே, இங்கே வளராதா, ஜோடி சேர்த்தால் குட்டி போடாதா, கடித்துவிட்டால் ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் போடும் ஊசி போதாதா என்பது அவர் கேள்வி. மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் ஒரு ஜோடி கொடுத்தனுப்பத் தயாராக இருப்பதாகவும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

இத்தனை கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். இவ்வளவு சாதுவாகத் தெரிகிற பாம்பை வீட்டில் வைத்தால் என்ன? நான் தேவிபட்டினம் பக்கத்துக்காரன். மலேசியாவில் விலங்குக் காட்சியகம் ஒன்றின் ஊர்வனப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன். நீங்கள் கேட்கும் பாம்பு என் பொறுப்பில் இருந்ததுண்டு. அதனால் வளர்ப்பைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். அதைப் படித்த பிறகு அந்த ஜோடியை என்ன செய்வது என்று பேசலாம். நான் மருத்துவர் இல்லை. கடியைப் பற்றி நான் சொல்வது பாம்பு பராமரிப்பவன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுதான்.

முதலில் அந்தச் சாது குணம். கோயிலில் சாம்பிராணிப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்று சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை, ஏனென்றால் புகையே இல்லாத காட்டிலும் அது அப்படித்தான் கிடக்கும். வாக்லர் விரியன் என்றும் கோயில் விரியன் என்றும் சொல்லப்படும் இந்தப் பாம்பு இரையைத் தேடி அலைவதில்லை. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கும். எலியோ பறவையோ எட்டும் தூரத்துக்கு வந்தால் ஒரே பாய்ச்சல். தரையில் வாழும் விரியன்கள் கடித்துவிட்டு இரையை விட்டுவிடும், அது போய் விழுந்த இடத்தை மோப்பம் பிடித்து அடையும். மரத்தில் இருக்கும் விரியன் அப்படி விட்டால் இரை பறந்து போகும், அல்லது கீழே விழுந்து தொலையும். அதனால் கடித்த பிடியை விடாது. அசையாமல் கிடப்பதும் வேட்டையின் ஒரு பகுதிதான். அதை மனிதனிடம் பழகிவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில் உள்ள குழி வெப்பத்தை உணரும் உறுப்பு. இந்தக் குழி உள்ள விரியன்களைத்தான் குழிவிரியன் என்கிறோம். இருட்டில் பெட்டிக்குள் நீட்டிய கை அந்தக் குழிக்கு ஒரு சூடான உருவம், அவ்வளவுதான். பகலில் பத்து முறை பேசாமல் இருந்த பாம்பு பதினோராவது முறை இரவில் என்ன செய்யும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பழகிய கைகள்தான் இதை மறந்துவிடுகின்றன.

இதன் சொந்த ஊர் தெற்குத் தாய்லாந்து, மலேசியத் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா பக்கத்துத் தாழ்நிலக் காடுகள். அலையாத்திக் காட்டிலும் உண்டு. போர்னியோ, பிலிப்பைன்ஸ், சுலவேசித் தீவுகளில் இருப்பவற்றையும் முன்பு இதே இனம் என்றுதான் எழுதிவந்தார்கள். 2007இல்தான் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள். இது வளர்ப்பவனுக்கும் முக்கியமான செய்தி. அதற்கு முந்தைய குறிப்புகளில் வரும் குட்டி எண்ணிக்கை, கர்ப்பக் காலம், வெப்ப அளவு எல்லாம் எந்த இனத்தைப் பார்த்து எழுதியவை என்று பல இடங்களில் தெளிவாக இருக்காது. வீடியோக்களிலும் இந்தக் குழப்பம் உண்டு.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. இதே பேரினத்தைச் சேர்ந்ததாக வைக்கப்பட்ட ஒரு பாம்பு தேனி மாவட்டத்து மேகமலையில் கிடைத்திருக்கிறது. ஹட்டன் குழிவிரியன் என்று பெயர். 1949இல் அதை விவரித்து எழுதினார்கள். ஆதாரமாகக் கிடைத்தவை இரண்டே மாதிரிகள். வைகை தொடங்குகிற அதே மலைத்தொடரில், அந்த ஆற்றின் கடைக்கோடியில் இருக்கும் நமக்கு இப்படி ஒரு சொந்தம் இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்!

சரி, வளர்ப்புக்கு வருவோம். இந்தப் பாம்பை வைத்திருப்பவர்களிடம் அது சாவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறை. பெட்டிக்குள் கிண்ணம் நிறைய நீர் இருக்கும், பாம்பு தாகத்தில் காய்ந்துகொண்டிருக்கும். தேங்கிய நீரை அது பெரும்பாலும் தேடிப் போய்க் குடிப்பதில்லை. மழை பெய்யும்போது தன் உடம்புச் செதில்களில் வழியும் துளியையும் இலை நுனியில் சொட்டும் துளியையும் குடித்துப் பழகிய இனம். அதனால் பெட்டிக்குள் மழை பெய்ய வேண்டும். இரண்டு முறை தெளித்துவிட்டுப் போவது போதாது. கால் மணி, அரை மணி நேரம் சொட்டச் சொட்டத் தெளித்தால்தான் சில பாம்புகள் தலையைச் சாய்த்துக் குடிக்கத் தொடங்கும். நீர் குறைந்தால் தோலில் மடிப்பு விழும், சிறுநீரகம் கெடும். மலம் போவதும் இதையே சார்ந்தது. வாரக்கணக்கில், சில சமயம் மாதத்துக்கும் மேலாக, கழிவை அடக்கி வைத்திருக்கும். நல்ல மழை காட்டினால் அன்றைக்கே போகும்.

இங்கேதான் நம் கரை முட்டுகிறது. பினாங்கில் வருஷத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை. ஏறக்குறைய எல்லா மாதமும் பெய்யும். நம் மாவட்டத்தில் சுமார் 800 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வந்து முடிந்துவிடும். கடலோரத்தில் காற்று ஈரமாக இருப்பது உண்மைதான். அந்த ஈரம் பாம்பின் தோலுக்கு உதவும், தாகத்தைத் தீர்க்காது. காரங்காட்டு அலையாத்தியையும் பினாங்கு அலையாத்தியையும் மரத்தை வைத்து ஒன்று என்று நினைக்கலாம், மழையை வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு உலகம். அப்புறம் தண்ணீரின் தரம். நம் ஊர்களில் பல கிணறுகளும் போர்வெல்களும் உப்பு. அந்த நீரைத் தெளித்தால் தெளிப்பான் மூக்கு அடைபடும், இலையிலும் கண்ணாடியிலும் வெள்ளை படியும், பாம்பும் அந்த உப்பைத்தான் குடிக்கும். நல்ல தண்ணீர்தான் வேண்டும், அதுவும் தினமும். காவிரிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளுக்காகத் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக் காத்திருக்கும் தெருவில் இதைச் செய்ய எனக்கு மனம் வராது. உங்களுக்கும் வராது என்று நினைக்கிறேன்.

அடுத்தது வெப்பம். பகலில் 27, 28 டிகிரி, இரவில் 23, 24 டிகிரி என்பது இதற்குச் சுகமான அளவு. குளிர்நாட்டில் வளர்ப்பவர்கள் சூடு கொடுக்கக் கஷ்டப்படுவார்கள், நாம் சூட்டைக் குறைக்கக் கஷ்டப்பட வேண்டும். சித்திரை, வைகாசியில் ஓட்டு வீடோ கான்கிரீட் வீடோ அறைக்குள் 35 டிகிரி தாண்டும், இரவிலும் இறங்காது. அந்த நிலை தொடர்ந்தால் பாம்பு முதலில் இரையை மறுக்கும், பிறகு படுத்துவிடும். ஏசி போட்டால் காற்று வறண்டுவிடும், அதை ஈடுகட்ட மேலும் தெளிக்க வேண்டும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மின்சாரம் போய்விட்டால் மூடிய கண்ணாடிப் பெட்டி ஒரு மணி நேரத்திலேயே கொதிக்கும். ஈரத்தைக் காப்பதற்காகக் காற்றோட்டத்தை அடைத்தாலும் ஆபத்துதான். தோலில் கொப்புளம், நுரையீரலில் சளி. ஈரமும் வேண்டும், காற்றும் ஓட வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில்தான் இந்தப் பாம்பை வளர்ப்பவனின் திறமை இருக்கிறது.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மூன்றடி உயரம், இரண்டடி அகலம், முன்பக்கக் கதவு, பூட்டு. பாம்பின் உடல் கனத்துக்கு ஒத்த கிளைகளைப் படுக்கைவாட்டில் பல உயரங்களில் கட்ட வேண்டும். கொஞ்சம் இலைமறைவு. ஒரு கிளையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டால் அதை மாற்றக்கூடாது, மாற்றினால் சாப்பாட்டை நிறுத்திவிடும் பாம்புகள் உண்டு. தீனி குறைவாகவே போதும். வளர்ந்த பெண்ணுக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு எலி. அசையாத பிராணிக்கு அடிக்கடி போட்டால் உடம்புக்குள் கொழுப்பு கட்டும். வீடியோக்களில் உருண்டு திரண்டு அழகாகத் தெரியும் பாம்புகள் பல உண்மையில் நோயாளிகள்.

இனப்பெருக்கம்தான் உங்கள் கேள்வியின் ஆசைப் பகுதி என்று தெரிகிறது. இதில் முதலில் தெரிய வேண்டியது, நீங்கள் கோயிலில் பார்த்த கறுப்பு மஞ்சள் பாம்புகள் எல்லாமே பெண்கள். பெண் ஒரு மீட்டர் வரை வளரும், தலை கனத்து அகன்றிருக்கும். ஆண் அதில் பாதி நீளம்தான். மெலிந்து, பச்சையாக, சிறு வெள்ளைச் சிவப்புப் புள்ளிகளோடு சாகும் வரை குட்டியைப் போலவே இருக்கும். குட்டிகள் எல்லாம் பச்சையாகவே பிறக்கும், பெண்கள் மட்டும் வளர வளரக் கறுத்து மஞ்சள் பட்டை ஏற்கும். பலர் இரண்டு பெரிய பாம்புகளை வாங்கி ஜோடி என்று நினைத்துக் காத்திருப்பது இதனால்தான். கொடுத்தனுப்பத் தயாராக இருக்கும் அந்த ஜோடியும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அது காட்டில் பிடித்ததாகவும் இருக்கும். காட்டில் பிடித்தவை ஒட்டுண்ணிகளோடும் அடைபட்ட அதிர்ச்சியோடும் வரும். வந்த சில மாதங்களில் செத்துப்போவது அதிகம்.

கொஞ்ச வாரங்கள் வெப்பத்தைக் குறைத்து, தீனியைக் குறைத்து, மழையை அதிகமாக்கினால் ஆண் பெண்ணைத் தேடி ஏறும். அவள் முதுகின் மேலேயே நாள்கணக்கில் படுத்திருக்கும். எந்த நாளில் சேர்ந்தன என்று பார்த்துச் சொல்வது கடினம். குழிவிரியன் பெண்கள் ஆணின் விந்தை உடம்பில் சேமித்து வைத்துப் பிறகு பயன்படுத்தக்கூடியவை. அதனால் கர்ப்பக் காலம் இத்தனை நாள் என்று யார் அடித்துச் சொன்னாலும் சந்தேகத்தோடு கேளுங்கள். ஐந்தாறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம், கூடுதலாகவும் ஆகும். முட்டையிடுவதில்லை. முட்டை தாயின் உடம்புக்குள்ளேயே பக்குவமாகி உயிருள்ள குட்டிகளாக வெளியே வரும். பெரிய பெண் ஒரு ஈற்றில் முப்பது, நாற்பது குட்டிகள்கூடப் போடும். கடைசி வாரங்களில் தாய் சாப்பிடாது.

உண்மையான வேலை அதன் பிறகுதான். ஒவ்வொரு குட்டியும் பிறந்த கணத்திலிருந்தே விஷப்பாம்பு. சுண்டு விரலைவிட மெலிந்தது, சின்னச் சந்திலும் நுழைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தினமும் ஈரம், தினமும் எண்ணிக்கை. காட்டில் அவை பல்லியும் தவளையும் தின்று வளரும். பிறந்த எலிக்குஞ்சைக் காட்டினால் பல குட்டிகள் திரும்பிக்கூடப் பார்க்காது. வாலை மெல்லத் தட்டி எரிச்சலூட்டிக் கடிக்க வைத்து, கடித்த வாயில் எலிக்குஞ்சின் காலை விட்டு விழுங்க வைப்போம். அதற்கும் மசியாதவற்றுக்குக் கையால் ஊட்ட வேண்டும். விஷப்பல் உள்ள, தீக்குச்சித் தலை அளவு வாயில் ஊட்டுவதை நினைத்துப் பாருங்கள். நல்ல வசதியுள்ள இடத்திலும் ஒரு பங்கு குட்டிகள் போய்விடும். பிழைத்தவற்றை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. காட்சியகங்கள் குட்டி எடுப்பதற்கு முன்பே எந்தெந்தக் காட்சியகம் வாங்கிக்கொள்ளும் என்று எழுதி வாங்கிவிடும். வீட்டில் முப்பது குட்டிகளை யாரிடம் கொடுப்பீர்கள்?

இப்போது கடி. குழிவிரியன்களில் பெரும்பாலானவற்றின் விஷம் ரத்தத்தையும் சதையையும் தாக்கும். இதன் விஷத்தில் வாக்லரின் என்ற சிறு புரதத் துண்டுகள் உண்டு. நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தை அவை அடைக்கும். எலிகளில் மூச்சு நின்று சாவு என்பது சோதனைக்கூடத்தில் உறுதியானது. மனிதரில் அந்த அளவுக்குப் போகுமா என்பது அவ்வளவு உறுதியில்லை. பதிவான கடிகள் குறைவு, பெரும்பாலும் கடும் வலியும் வீக்கமும்தான். அதை வைத்துக்கொண்டு ஆபத்தில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பதிவு குறைவு என்பதிலிருந்து ஆபத்து குறைவு என்று முடிவுகட்ட முடியாது. கடித்த பாம்பின் அளவு, உள்ளே போன விஷம், கடிபட்டவரின் உடல்நிலை எல்லாம் மாறும்.

ஆஸ்பத்திரி ஊசியைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறேன்: போதாது. நம் நாட்டில் கொடுக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. அந்த விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. சுருட்டை விரியன் நிறைந்த நம் மணற்காட்டில் அந்த மருந்து தினசரி உயிர் காக்கிறது. கடல் பாம்புக்கும் மலைக்காட்டுக் குழிவிரியன்களுக்கும் அது பொருந்தாது. பினாங்கு விரியனுக்கென்று தனி மருந்தே தயாரிப்பில் இல்லை. பொருந்தாத மருந்தை ஏற்றினால் பலன் இருக்காது, ஒவ்வாமை மட்டும் வரலாம். மருத்துவர் செய்யக்கூடியது வலிக்கும் வீக்கத்துக்கும் வைத்தியம், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசம். நாங்கள் வேலை செய்த இடத்தில் தனியாக யாரும் அந்தக் கதவைத் திறக்கக்கூடாது, எப்போதும் இரண்டாம் ஆள் வேண்டும். கொக்கியும் நீள இடுக்கியும் இல்லாமல் திறக்கக்கூடாது. எந்த மருத்துவமனை, யாருக்குப் போன் என்று கதவிலேயே எழுதியிருக்கும். வீட்டில் அந்த இரண்டாம் ஆள் உங்கள் அம்மாவாகத்தான் இருப்பார்.

சட்டமும் இதே பக்கம்தான். உயிருள்ள வெளிநாட்டுப் பாம்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது கடத்தல், சுங்கச் சட்டத்தில் வழக்கு. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் பிடிபட்டன. எங்கள் கரையில் சபர், அதாவது வெளிநாட்டுப் பயணம், போகாத வீடு குறைவு. அந்தப் போக்குவரத்தை நம்பித்தான் இப்படிப்பட்டவர்கள் கொடுத்தனுப்பப் பார்ப்பார்கள். மாட்டிக்கொள்வது கொண்டுவரும் ஆள்தான், கொடுத்தனுப்பியவர் இல்லை. உங்கள் மாமாவிடம் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேசி முடித்துவிட்டேன், முன்பணம் கொடுத்துவிட்டேன் என்றாலும் பரவாயில்லை, பணம் போகட்டும். சரி, நம்மூர்ப் பாம்பையாவது பிடித்து வளர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். அதுவும் வேண்டாம்.

ஆனால் உங்கள் ஆர்வம் நல்ல ஆர்வம், அதைக் கைவிடச் சொல்லவில்லை. நம் கரையிலேயே மரத்தில் வாழும் விஷமுள்ள பாம்பு ஒன்று இருக்கிறது. வேலியோரத்து உடைமரத்திலும் சீமைக்கருவையிலும் கொடிபோல் தொங்கும் பச்சைப் பாம்பு. கண்ணைக் கொத்தும் என்று பயந்து கம்பால் அடித்துக் கொல்கிறார்களே, அதேதான். விஷப்பல் வாயின் பின்பக்கம், விஷம் மென்மையானது, ஓணானையும் பல்லியையும் முடக்கப் போதுமானது. இதுவும் குட்டி போடும் இனம். பகலில் நடமாடும், அதனால் நாலடி தள்ளி நின்று மணிக்கணக்கில் பார்க்கலாம். கண்ணின் பாவை படுக்கைவாட்டில் நீண்டிருப்பதையும், இலையோடு இலையாகக் காற்றுக்கு ஆடுவதையும் பாருங்கள். தென்னிந்தியச் சமவெளியில் இருப்பது இலங்கையில் இருப்பதிலிருந்து தனி இனம் என்று 2020இல்தான் பிரித்தார்கள். அதன் வாழ்க்கையை ஊர் ஊராகப் பார்த்து எழுதியவர்கள் குறைவு. எந்த மரத்தில், எந்த மாதத்தில், என்ன தின்னும்போது பார்த்தீர்கள், குட்டிகள் மழைக்கு முன்பா பின்பா என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். தொடாமல் தள்ளி நின்று படம் எடுங்கள். எனக்கு அனுப்பினால் ஆணா பெண்ணா, எத்தனை வயதிருக்கும் என்று என்னால் முடிந்தவரை பார்த்துச் சொல்கிறேன்.